இறந்த ஊர், இறந்த நாள், எழுதிய பெயர்: தமிழ்நாட்டு இறப்புச் சான்றிதழ் சேவை ஒரு மதிப்பீடு

வீட்டில் ஒருவர் போய்விட்டால் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளேயே கேள்விகள் வரத் தொடங்கிவிடும். வங்கியில் கேட்பார்கள், காப்பீட்டில் கேட்பார்கள், ரேஷன் அட்டையில் பெயர் நீக்கக் கேட்பார்கள், பட்டா மாற்றக் கேட்பார்கள், வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதும் கேட்பார்கள். எல்லோரும் கேட்பது ஒரே தாளைத்தான். அந்தத் தாளைத் தமிழ்நாட்டில் வாங்குவது இன்று எவ்வளவு எளிது, எங்கே சிக்கும், ஏன் சிக்கும் என்பதுதான் இந்த மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 2018 முதல் நடந்த இறப்பு, உரிய காலத்தில் பதிவானது, பெயரில் பிழை இல்லை என்றால் சேவை மிக நன்றாக இருக்கிறது. வீட்டிலிருந்தபடியே தேடி, காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அலைச்சல்தான். அந்த அலைச்சலில் பெரும்பகுதி, பதிவுக்கு விவரம் கொடுத்த அன்றைக்கு ஐந்து நிமிடம் கவனிக்காமல் விட்டதால் வருவது. அலுவலகம் புதிதாக எதையும் எழுதித் தருவதில்லை. முதல் படிவத்தில் என்ன இருந்ததோ அதுதான் பதிவேட்டில் ஏறுகிறது, அதுதான் சான்றிதழாகவும் வருகிறது.

முதலில் ஊர். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. அதன்படி இறப்பு எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்துப் பதிவாளர்தான் பதிய வேண்டும். சொந்த ஊர் எது, குடியிருந்த வீடு எது, அடக்கம் எங்கே நடந்தது என்பதெல்லாம் இதில் சேராது. பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்துக்காரர் வேலூர் மருத்துவமனையில் இறந்து, உடலை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்திருப்பார்கள். குடும்பம் தன் ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நிற்கும். அவரால் பதிய முடியாது. மருத்துவமனை இருக்கும் இடத்துப் பதிவாளரிடம்தான் அது ஏறியிருக்கும். சொந்த ஊர், நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் வரும், அவ்வளவுதான். ஓடுகிற வண்டியில் உயிர் பிரிந்தால் வண்டி முதலில் நின்ற இடமே பதிவுக்குரிய இடம் என்று விதி சொல்கிறது. ஆம்புலன்ஸில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பதிவாளர் யார் என்பதும் இடத்தைப் பொறுத்தது. கிராம ஊராட்சியில் வீட்டில் நடந்த இறப்பு கிராம நிர்வாக அலுவலரிடம் போகும். நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் சுகாதாரப் பிரிவு பார்க்கிறது. அந்தப் பகுதியின் துப்புரவு ஆய்வாளரைக் கேட்டால் தெரியும். மருத்துவமனையில் இறந்தால் தகவல் கொடுக்கும் பொறுப்பு மருத்துவமனையுடையது. வீட்டில் இறந்தால் அந்தப் பொறுப்பு குடும்பத்துடையது. மாநிலம் முழுவதற்கும் தலைமைப் பதிவாளர், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர்.

இனி அந்த ஐந்து நிமிடம். இறப்பு அறிக்கைக்கு உரியது படிவம் 2. அதில் சட்டப் பகுதி, புள்ளிவிவரப் பகுதி என்று இரண்டு இருக்கின்றன. சட்டப் பகுதியில் இறந்த தேதி, முழுப் பெயர், பாலினம், தாய் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, இறந்தபோது இருந்த முகவரி, நிரந்தர முகவரி, இறந்த இடம், தகவல் தருபவர் விவரம் ஆகியவை வரும். புள்ளிவிவரப் பகுதியில் மதம், தொழில், சிகிச்சை பெற்றாரா, புகைபிடித்தாரா, புகையிலை, பாக்கு, மது பழக்கம் உண்டா, எத்தனை ஆண்டு என்றெல்லாம் கேட்கிறார்கள். இந்தக் கேள்விகளைப் பார்த்துச் சிலர் பதறுகிறார்கள். அவை சான்றிதழில் வராது, கணக்கெடுப்புக்குத்தான் போகின்றன. சான்றிதழைத் தீர்மானிப்பது சட்டப் பகுதி. துக்கத்தில் யாரோ ஒரு உறவுக்காரர், பெரும்பாலும் மருமகனோ பங்காளியோ, வாயால் சொல்ல, எழுதுபவர் தனக்குப் பட்டபடி எழுதிவிடுவார். ஊரில் எல்லோரும் ‘பாப்பாத்தி’ என்று கூப்பிட்டவர் ஆதாரில் முத்துலட்சுமியாக இருப்பார். படிவத்தில் பாப்பாத்தி ஏறிவிட்டால் வங்கிக் கணக்கில் உள்ள முத்துலட்சுமி இறந்ததாக யாரும் ஏற்க மாட்டார்கள்.

அதனால் படிவம் எழுதப்படும்போது இறந்தவரின் ஆதார் நகல் மேசைமேல் இருக்க வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் எழுத்துக்கு எழுத்து சரியா என்று பாருங்கள். தலைப்பெழுத்து முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா, விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பெயர் புழக்கத்தில் இருந்து, சொத்துப் பத்திரத்தில் ஒன்றும் ஆதாரில் இன்னொன்றும் இருந்தால், ‘என்கிற’ போட்டு இரண்டையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஆதாரம் காட்டினால் வழி உண்டு. திருமணமான பெண்ணுக்குக் கணவர் பெயரோடு தந்தை பெயரும் பின்னால் தேவைப்படலாம். பூர்விகச் சொத்தில் பங்கு கேட்கும்போது அவர் இன்னாருடைய மகள் என்று காட்டவேண்டி வரும். நிரந்தர முகவரியில் கிராமம், வட்டம், மாவட்டம் மூன்றும் இருக்கட்டும்.

வீட்டில் இறந்தவருக்குக் கடைசி நோயில் பார்த்த மருத்துவர் தரும் சான்று படிவம் 4ஏ. மருத்துவமனையில் இறந்தவருக்கு அது படிவம் 4. இதோடு மயான ரசீது. மாநகராட்சி மயானத்தில் எரித்தாலும் புதைத்தாலும் தருகிற அந்தச் சின்ன ரசீதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துத் தொலைப்பவர்கள் ஏராளம். அன்றே செல்பேசியில் படம் எடுத்து வைத்துவிடுங்கள். கிராமத்துச் சுடுகாட்டில் ரசீது கிடையாது. அங்கே கிராம நிர்வாக அலுவலரின் நேரடி விசாரணையும் அக்கம்பக்கத்தார் சாட்சியும்தான் ஆதாரம். அதனால் கிராமத்தில் தாமதம் செய்யவே கூடாது.

மருத்துவமனை வாசலுக்குப் போகும்போதே உயிர் போயிருந்தால் ‘இறந்த நிலையில் கொண்டுவரப்பட்டார்’ என்று எழுதுவார்கள். அங்கே சிகிச்சை நடக்காததால் அவர்கள் காரணச் சான்று தரத் தயங்குவார்கள். சந்தேகம் இருந்தால் காவல் நிலையம், பிரேதப் பரிசோதனை என்று போகும். விபத்து, தற்கொலை எல்லாம் அந்த வழிதான். இப்படிப்பட்ட இறப்புகளில் முதல் தகவல் அறிக்கையின் நகலையும் பிரேதப் பரிசோதனைச் சான்றையும் வாங்கி வைத்துக்கொள்ளாவிட்டால் காப்பீட்டுப் பணம் நின்றுவிடும்.

பதிவுக்கு 21 நாள் கெடு. அதற்குள் தகவல் போனால் கட்டணம் இல்லை, தகவல் தந்தவருக்கு முதல் சான்றிதழும் இலவசம். இந்தச் சட்டத்துக்கு 2023இல் வந்த திருத்தம் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவு முடிந்த ஏழு நாளுக்குள் சான்றிதழ் தந்தாக வேண்டும் என்று அது சொல்கிறது. இதைக் கேட்டுப் பெறுபவர்கள் குறைவு. ‘அப்புறம் வாங்க’ என்று சொன்னால், ஏழு நாள் விதியை மரியாதையாக நினைவுபடுத்துங்கள்.

இணையத்தில் தேடுவதைப் பார்ப்போம். பிறப்பு, இறப்புகளைப் பதியும் மாநிலம் முழுவதற்குமான குடிமைப் பதிவு மென்பொருள் சி.ஆர்.எஸ்.டி.என். (CRSTN) தளத்தில் ஓடுகிறது. 2018 சனவரி 1 முதல் நடந்தவை அதில் கிடைக்கும். சென்னை மாநகராட்சியும் தன் பகுதியில் நடந்தவற்றைத் தேடி இலவசமாக இறக்கிக்கொள்ளும் வசதியை நெடுநாளாகவே வைத்திருக்கிறது. பதிவு எண் கையில் இருந்தால் வேலை சுளுவு. இல்லாவிட்டால் பாலினம், இறந்த தேதி, இடம் என்று கொடுத்துத் தேட வேண்டும். வரும் தாளில் விரைவுக் குறியீடு (க்யூஆர் கோடு) இருக்கும். அதை வருடிப் பார்த்தால் உண்மையான பதிவா என்று யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். அதனால் பச்சை மை கையெழுத்தும் வட்ட முத்திரையும் தேவையில்லை. இன்னும் முத்திரை கேட்கிற அலுவலகங்கள் இருக்கின்றன. அவர்களிடம் வாதாடுவதைவிட அங்கேயே குறியீட்டை வருடிக் காட்டுவது விரைவில் முடியும்.

இந்தத் தேடுதலின் பெரிய குறை, தேதி துல்லியமாக இருக்க வேண்டும் என்பது. இங்கே நம் வழக்கமே நம்மைத் தடுக்கிறது. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு உயிர் பிரிந்தால் வீட்டில் அதை முந்தின நாளாகவே சொல்வார்கள்; சூரியன் உதித்தால்தான் நமக்கு அடுத்த நாள். பதிவேட்டுக்கு நள்ளிரவு பன்னிரண்டிலேயே நாள் மாறிவிடும். ‘செவ்வாய்க்கிழமை ராத்திரி போனார்’ என்று குடும்பம் சொல்வது பதிவேட்டில் புதன்கிழமையாக இருக்கும். தேடி ஒன்றும் வராவிட்டால் முதலில் ஒரு நாள் முன்னும் பின்னும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் இடத்தை மாற்றிப் பாருங்கள். மருத்துவமனை எந்த உள்ளாட்சிக்குள் இருக்கிறது என்பது பலருக்கும் சரியாகத் தெரியாது. புறநகர் மருத்துவமனை பெயரளவில் ‘சென்னை’ என்று இருக்கும். பதிவு தாம்பரத்திலோ ஆவடியிலோ இருக்கும்.

சென்னையைப் பற்றி இன்னொரு செய்தி. 2011இல்தான் அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர், மாதவரம், வளசரவாக்கம் போன்ற நகராட்சிகள் மாநகராட்சியோடு சேர்ந்தன. 155 வார்டுகள் 200 ஆயின. அதற்கு முன் ஆலந்தூரில் இறந்தவரின் பதிவு, அன்றைய ஆலந்தூர் நகராட்சிப் பதிவேட்டில் எழுதப்பட்டது. இணையத்தில் கிடைக்காவிட்டால் இப்போதைய மண்டல அலுவலகத்தில் பழைய நகராட்சிப் பதிவேட்டைச் சொல்லிக் கேட்க வேண்டும். ‘சென்னையில் இல்லை’ என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். மாவட்டப் பிரிப்பிலும் இதே கதை. 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு பிரிந்தன, 2020இல் மயிலாடுதுறை. புதிய வட்டம் உண்டானால் பழைய பதிவேடு பழைய வட்டத்திலேயே தங்கியிருக்கலாம். இரண்டு அலுவலகத்திலும் கேட்க வேண்டும்.

போலித் தளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அரசுத் தளம்போலவே தோற்றம் வைத்து, பணம் வாங்கிக்கொண்டு போலிச் சான்றிதழ் அச்சடித்துத் தருகிற தளங்கள் இருக்கின்றன. அவற்றின் விரைவுக் குறியீடுகூட அவர்களுடைய தளத்துக்கே கூட்டிப்போய் ‘சரி’ என்று காட்டும். வருடியபின் திறக்கும் முகவரி எது என்று பாருங்கள். இறப்புச் சான்றிதழை வாட்ஸ்அப்பில் பணம் அனுப்பி வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். போலித் தாளை நீட்டிய குடும்பம்தான் குற்றத்துக்கு ஆளாகும்.

பழைய பதிவுகள்தான் இந்தச் சேவையின் மெலிந்த பகுதி. ஆனால் கைவிட வேண்டியதில்லை. கிராமப் பதிவேடுகள் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடமும், பிறகு வட்டாட்சியர் அலுவலகத்திலும், மிகப் பழையவை பத்திரப் பதிவு நடக்கும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் இருக்கும். இந்தக் கடைசி இடத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘அந்த வருஷம் எங்ககிட்ட இல்லை’ என்று சொன்னால், பதிவே இல்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். ‘சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்றா?’ என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

1980க்கு முந்தைய கிராமப் பதிவுகளை எழுதியவர்கள் கிராம முன்சீப்பும் கர்ணமும். பரம்பரையாக வந்த அந்தப் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டு, பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அக்காலப் பதிவேட்டில் பெயர் பேச்சுவழக்கில் இருக்கும்; தலைப்பெழுத்து இருக்காது. ‘ராமசாமி’, ‘இராமசாமிக் கவுண்டர்’, ‘ராமன்’ எல்லாம் ஒரே ஆளாக இருக்கலாம். பல பெண்களுக்கு ‘இன்னார் மனைவி’ என்ற குறிப்புதான் துப்பு. கிராமத்தின் இன்றைய பெயரைவிட வருவாய்க் கிராமத்தின் பெயர் முக்கியம். குக்கிராமத்தின் பெயரில் தேடினால் கிடைக்காது. பட்டாவில் எந்த வருவாய்க் கிராமம் என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

பழைய பதிவைக் கேட்டுப் போகும்போது ஆண்டு தெரியாவிட்டால் பணமும் கூடும், பொறுமையும் போகும். 2017இல் உயர்ந்த கட்டண விகிதப்படி தேடுதலுக்கு முதலாண்டுக்கு 100 ரூபாய், அடுத்து ஒவ்வோர் ஆண்டுக்கும் 100 ரூபாய், நகலுக்கு 200 ரூபாய். பத்தாண்டுக்குத் தேடச் சொன்னால் தேடுதலுக்கே ஆயிரம். பதிவேட்டைப் புரட்டுகிறவர் முழு ஆண்டையும் வரி வரியாகப் பார்க்க வேண்டும் என்பதால் கூட்ட நாளில் நிச்சயம் தள்ளிப்போடுவார். மாதத்தையாவது சொல்ல முடிந்தால் வேலை பாதியாகும்.

அந்தத் தேதியைக் கண்டுபிடிக்க நம் வீடுகளிலேயே நிறைய இருக்கிறது. திவசம் கொடுக்கிற குடும்பத்துக்குத் தமிழ் மாதமும் பட்சமும் திதியும் நிச்சயம் தெரியும். அதோடு தமிழ் ஆண்டின் பெயரும் தெரிந்தால் தேதி கைக்கு வந்த மாதிரிதான். ‘துன்மதி வருஷம் ஆவணி, தேய்பிறை ஏகாதசி’ என்று பெரியவர் சொன்னால், துன்மதி என்பது 1981 ஏப்ரல் முதல் 1982 ஏப்ரல் வரை. அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தில் ஆவணித் தேய்பிறை ஏகாதசி எந்த ஆங்கிலத் தேதியில் விழுகிறது என்று பார்க்க ஒரு சோதிடரோ புரோகிதரோ போதும். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் முப்பாட்டனார் காலத்துச் செய்தி என்றால் எந்தத் துன்மதி என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒரு நாள் இரண்டு திதி தொடும் என்பதால் இங்கும் முன்பின் ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

கருமாதிப் பத்திரிகை பழைய டிரங்குப் பெட்டியில் கிடைத்தால் அதில் இறந்த நாளும் முழுப் பெயரும் இருக்கும். எழவு வீட்டு மொய் நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டிருப்பார்கள். நாளிதழில் கொடுத்த நினைவு நாள் அறிவிப்பு, கல்லறைக் கல், ஓய்வூதியம் நின்ற மாதம், மருத்துவமனைச் சீட்டு எல்லாமே உதவும். கிறித்தவக் குடும்பங்களுக்குப் பங்குத் திருச்சபையின் அடக்கப் பதிவேடும், முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் குறிப்பும் சில இடங்களில் அரசுப் பதிவைவிடத் தெளிவாக இருக்கும். இவை சான்றிதழுக்கு மாற்று ஆகா. ஆனால் தேதி பிடிக்கவும், தாமதப் பதிவில் ஆதாரமாக வைக்கவும் பயன்படும்.

எவ்வளவு தேடியும் பதிவே இல்லை என்றால் வெறுங்கையோடு வராதீர்கள். படிவம் 10 என்ற ‘பதிவு இல்லை’ச் சான்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்த படிக்கு அதுதான் சாவி.

தாமதப் பதிவுக்கு மூன்று படி. 21 நாள் கடந்து 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம் 100 ரூபாயோடு பதிவாளரே பதிவார். 30 நாள் கடந்து ஓராண்டுக்குள் என்றால் மேலதிகாரியின் எழுத்துமூல அனுமதியும் 200 ரூபாயும் வேண்டும். முன்பு இதற்கு நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் தேவைப்பட்டது. 2023 திருத்தத்துக்குப் பின் தாமே சான்றொப்பமிட்ட ஆவணம் போதும். முத்திரைத்தாளில் பிரமாணம் எழுதித் தருகிறேன் என்று வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் பணம் கொடுக்கும் முன், அலுவலகத்தில் உண்மையிலேயே கேட்கிறார்களா என்று விசாரியுங்கள்.

ஓராண்டு தாண்டினால் உத்தரவு வேண்டும். ஒரு காலத்தில் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அந்த அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியருக்கு வந்தபின் சுமை குறைந்தது. 2023 திருத்தமும் மாவட்ட ஆட்சியர், கோட்ட அளவிலான நடுவர், மாவட்ட ஆட்சியரால் அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவர் என்றே சொல்கிறது. இந்த மாற்றம் உண்மையாகவே ஏழைகளுக்கு உதவியது. மனுவோடு வைக்க வேண்டியவை: படிவம் 10, இறந்தவரின் அடையாளச் சான்றுகள், இறந்ததைக் காட்டும் ஏதாவது ஓர் ஆவணம், விண்ணப்பிப்பவர் உறவைக் காட்டும் சான்று, சாட்சிகளின் வாக்குமூலம். கோட்டாட்சியர் அதை வட்டாட்சியருக்கும், அவர் வருவாய் ஆய்வாளருக்கும், அவர் கிராம நிர்வாக அலுவலருக்கும் விசாரணைக்கு அனுப்புவார்கள். அறிக்கை அதே வழியில் திரும்பி மேலே போகும். கோப்பு தூங்குவது இந்த இறக்கத்திலும் ஏற்றத்திலும்தான். மனுவின் எண்ணை வாங்கிக்கொண்டு, எந்த மேசையில் இருக்கிறது என்று வாரம் ஒருமுறை கேட்டால் நகரும். உத்தரவு வந்தபின் 500 ரூபாய் கட்டிப் பதிய வேண்டும். சான்றிதழில் இறந்த தேதி பழையதாகவும் பதிவுத் தேதி புதியதாகவும் இருக்கும். வங்கியில் இதைக் கண்டு சந்தேகப்பட்டால் கோட்டாட்சியர் உத்தரவின் நகலைக் காட்டுங்கள். அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய காரணம் அதுவே.

மனு நிராகரிக்கப்படுவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. இறந்த இடம் வேறு கோட்டத்தில் இருப்பது ஒன்று. சாட்சிகள் மூவரும் மூன்று தேதி சொல்வது இன்னொன்று. மூன்றாவது, சொத்துத் தகராறு: பங்காளி ஒருவர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் விசாரணை நீளும். இரண்டாவதை நீங்களே தடுக்கலாம். மனு எழுதும் முன் சாட்சிகளை உட்காரவைத்து என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். தேதி சொல்லிக்கொடுத்துப் பொய் சொல்லவைப்பது ஆபத்து. நினைவு மங்கியவரைச் சாட்சியாகப் போடாமல் விடுவது நல்லது.

பிழை திருத்தம். பதிவேட்டில் எழுதியதை யாரும் அழிக்க முடியாது. பழைய பதிவைத் தொடாமல் ஓரத்தில் திருத்தம் எழுதி, கையெழுத்திட்டு, தேதி போட வேண்டும் என்பது சட்டத்தின் 15ஆம் பிரிவு. எழுத்துப் பிழை என்றால் எளிதில் முடியும். ‘முத்துலெட்சுமி’யை ‘முத்துலட்சுமி’ ஆக்க ஆதாரும் பழைய ஆவணம் ஒன்றும் போதும். விவரமே மாறுகிறது என்றால் உண்மை அறிந்த, நம்பத்தகுந்த இருவரின் உறுதிமொழி வேண்டும். ஆளே மாறிவிடும் அளவுக்குப் பெயர் மாற்றம் கேட்டால் பதிவாளர் மறுப்பார். மறுப்பதும் நியாயம்தான், ஏனென்றால் அந்த ஒரு வரியை வைத்துத்தான் நிலம் கைமாறுகிறது. பதிவாளர் முடிவு தவறு என்று நினைத்தால் 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். 90 நாளுக்குள் அவர் தீர்க்க வேண்டும். 2023 திருத்தம் தந்த இந்த வழியைப் பலரும் அறியவில்லை. அதனால் மறுப்பை வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் கேளுங்கள்.

சான்றிதழில் இறப்புக்கான காரணம் ஏன் இல்லை என்று பலர் கேட்கிறார்கள். விடுபட்டதாக நினைத்துத் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கிறவர்களும் உண்டு. பதிவேட்டில் காரணம் இருந்தாலும் வெளியே தரும் நகலில் அதைக் காட்டக் கூடாது என்று 17ஆம் பிரிவே தடுக்கிறது. இறந்தவரின் நோய் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை என்கிற அந்த ஏற்பாடு மிக நல்லது. காரணம் தேவைப்படும் இடத்தில், குறிப்பாகக் காப்பீட்டுக்கு, மருத்துவமனை தரும் காரணச் சான்றைக் கொடுக்க வேண்டும். இப்போது அதன் நகலை நெருங்கிய உறவினருக்குக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உடலை வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். கொரோனா இறப்புகளுக்கு 50,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தபோது இதனால்தான் குடும்பங்கள் திண்டாடின. கையிலிருந்த சான்றிதழில் காரணம் இல்லாததால், மாவட்ட அளவில் குழு அமைத்துத் தனி ஆவணம் தரவேண்டி வந்தது.

வளைகுடா நாடுகளிலோ மலேசியாவிலோ இறந்து உடல் ஊருக்கு வந்தால், அடக்கம் இங்கே நடந்தாலும் உள்ளூர்ப் பதிவாளர் பதிய முடியாது. அந்த நாட்டு இறப்புச் சான்றும் இந்தியத் தூதரகத்தில் செய்யும் பதிவும்தான் ஆவணம். சவப்பெட்டியோடு வரும் தாள்கள் பெரும்பாலும் அரபியிலோ மலாயிலோ இருக்கும். அங்கேயே அதிகாரபூர்வ ஆங்கில மொழிபெயர்ப்பும் தூதரக முத்திரையும் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். உடன் வேலைபார்த்தவர் ஊர் திரும்பிவிட்டால் பிறகு அதை வாங்க ஆள் இருக்காது. காணாமல் போனவர்களின் நிலை வேறு. ஏழு ஆண்டு தகவலே இல்லை என்றால் இறந்ததாகக் கருதச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் பதிவாளர் அதைத் தானே முடிவு செய்ய மாட்டார், உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்போடு போக வேண்டும். காணாமல் போனபோது காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் ரசீது இல்லாவிட்டால் அந்த வழக்கு தள்ளாடும்.

இறப்புச் சான்றிதழ் வந்ததும் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். முதலாவது இறந்ததைச் சொல்கிறது, இரண்டாவது யார் யார் வாரிசு என்று சொல்கிறது, வட்டாட்சியர் தருகிறார். இரண்டிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று ஒப்பிடாமல் மையத்தை விட்டு எழுந்துவராதீர்கள்.

எங்கும் நகராவிட்டால் முதல்வரின் உதவி மைய எண் 1100இல் புகார் பதியலாம். சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள பொது சுகாதாரத் துறை இயக்குநர் அலுவலகத்துக்குத் தலைமைப் பதிவாளர் என்ற முகவரியிட்டு எழுதலாம். தகவல் உரிமைச் சட்டத்தில், ‘என் மனு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் இருந்தது’ என்று கேட்பது நல்ல பலன் தரும். எழுதும்போது கோபத்தைவிட விவரம் உதவும்: இறந்தவர் பெயர், இறந்த தேதி, இறந்த இடம், மனு கொடுத்த தேதி, மனு எண். இந்த ஐந்தும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும்.